யார் பதில் சொல்றது? திண்டிவனத்தில் ஒரு வெப்சைட் கதை

எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னது, நடுவில் வந்த பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எல்லாம் போய்விட்டது. மற்றபடி பேச்சு அதேதான்.

போன வாரம் ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். அவரோட அப்பா மளிகைக் கடை வச்சிருக்கார். "பிசினஸுக்கான இன்டராக்டிவ் வெப் டெக்னாலஜி, ரெண்டு நாள் எக்ஸிக்யூட்டிவ் ட்ரெயினிங்"னு ஒரு நோட்டீஸ் கடைக்கு வந்திருக்கு. பத்தாயிரம் ரூபாய். "ப்ரோ, அப்பாவை அனுப்பலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

ரெண்டு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா கிட்டத்தட்ட இதே நோட்டீஸ் எங்க குடும்பத்துக்குள்ளயும் வந்தது. அதனால ஒரு முழு எபிசோடாவே சொல்லிடறேன்.

எங்க சித்தப்பா திண்டிவனத்துல மோட்டார் கடை வச்சிருக்கார். போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார், பிவிசி பைப், ஸ்டார்ட்டர், கேபிள், இதெல்லாம். சென்னையில இருக்கிற உங்களுக்குத் திண்டிவனம்னா பஸ் டீ குடிக்க நிக்கிற ஊர். உண்மையில அது ஒரு பெரிய முச்சந்தி. சென்னை திருச்சி ரோட்டுல இருந்து புதுச்சேரிக்கு ஒரு ரோடு பிரியும், செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு இன்னொண்ணு. அதனால செஞ்சி, மயிலம், மரக்காணம், வந்தவாசின்னு நாலா பக்கத்துல இருந்தும் கடைக்கு ஆள் வரும். எல்லாரும் நெல்லு, கரும்பு, மல்லாட்டை போடறவங்க. மல்லாட்டைன்னா நிலக்கடலை. எங்க பக்கம் அதுக்கு அதுதான் பேரு, கடலைன்னு சொன்னா வெளியூர்க்காரன்னு கண்டுபிடிச்சிருவாங்க.

போன வருஷம் விழுப்புரத்துல ஒரு லாட்ஜோட பார்ட்டி ஹால்ல அந்த வொர்க்‌ஷாப் நடந்தது. 8,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. நாப்பது பேர் வந்திருந்தாங்களாம். ரைஸ் மில் முதலாளி, நகைக்கடைக்காரர், ஒரு ஸ்கூல் தாளாளர், விதைக்கடை, டிராவல்ஸ். சித்தப்பா எனக்கு அந்த ஃபைலைக் காட்டினார். பள பளன்னு அட்டை, உள்ள நூத்திச் சொச்சம் ஸ்லைடு. வெப் 2.0, ஏஜாக்ஸ், சாட்பாட், ஏஐ, எல்லாத்துக்கும் ஒரு படம்.

அந்த ஸ்லைடுகளைப் பாத்தப்ப எனக்கு ஒரு சந்தேகம். பாதி ஸ்லைடு என்னைவிடக் கொஞ்சம்தான் வயசு கம்மி. வெப் 2.0ங்கிற பேரை ஊர் பூரா பரப்பினது 2004 அக்டோபர்ல டிம் ஓ'ரெய்லி நடத்தின மாநாடு. அதுக்கப்புறம் 2006ல ஆண்ட்ரூ மெக்காஃபி, அப்ப ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல இருந்தவர், 'என்டர்ப்ரைஸ் 2.0'ன்னு ஒரு கட்டுரை எழுதினார். பிளாக், விக்கி மாதிரி விஷயங்களைக் கம்பெனிக்குள்ள எப்படிப் பயன்படுத்தறதுன்னு. மேனேஜர்களுக்கு வெப் சொல்லித் தர்ற வகுப்புகள் அந்த அலையில நிறைய வந்தது. தப்பில்ல, அப்ப அது தேவை. அதே ஸ்லைடு இருபது வருஷம் கழிச்சு, கடைசியில ரெண்டு ஏஐ பக்கம் ஒட்டிக்கிட்டு, விழுப்புரம் லாட்ஜுக்கு வந்து சேர்ந்திருக்கு.

ரெண்டாம் நாள் சாயங்காலம்தான் விஷயமே. "பயிற்சிக்கு வந்தவங்களுக்கு மட்டும்" வெப்சைட் பண்ணித் தர்றோம், 38,000 ரூபாய். சித்தப்பா அங்கேயே அட்வான்ஸ் குடுத்துட்டார்.

மூணு மாசம் கழிச்சு போன். "டேய், வெப்சைட்டு போட்டும் ஒரு ஈ காக்கா வரல. இன்னான்னு வந்து பாரு."

சனிக்கிழமை போனேன். சைட் பாக்க நல்லாத்தான் இருந்தது. மோட்டார் படமெல்லாம் சுத்துது, கீழ 'விலை விசாரிக்க'ன்னு ஒரு ஃபார்ம். இதுல விசாரிச்சா எங்க வரும்னு கேட்டேன். "அது கம்ப்யூட்டர்ல வரும்." எந்தக் கம்ப்யூட்டர்ல? தெரியல. ஃபைலோட பின்னட்டையில ஒரு மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் பேனாவால எழுதியிருந்தது. அதைப் போட்டுத் திறந்தேன்.

71 மெயில். ஒண்ணுகூடத் திறக்கப்படல.

பத்தொன்பது குப்பை, எஸ்இஓ பண்ணித் தர்றோம் வகையறா. மீதி 52 பேர் நிஜ ஆளுங்க. பைப் விலை, மோட்டார் சர்வீஸ், டெலிவரி உண்டான்னு. அதுல ஒண்ணு மார்ச் மாசத்துது. ஏழரை ஹெச்பி, த்ரீ பேஸ், முந்நூறு அடி போர், மோட்டார் எரிஞ்சுபோச்சு, மல்லாட்டை காயுது, இன்னைக்கே சொல்லுங்க. கீழ போன் நம்பர். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு அதைப் படிச்சார். அப்புறம் நம்பரைப் பாத்தார். "இது நம்ம கடையில எங்கப்பா காலத்துலேர்ந்து வாங்குற குடும்பம்டா. பையன் போட்டிருக்கான் போல"ன்னார். அதுக்கப்புறம் அரை மணி நேரம் யார்கிட்டயும் பேசல.

அந்தப் பையன் கடைக்கு போன் பண்ணியிருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா நம்ம வயசு ஆளுங்களை யோசிச்சுப் பாருங்க. நம்மள்ல எத்தனை பேர் முதல்ல போன் பண்றோம்? சைட்ல ஃபார்ம் இருந்தா அதைத்தான் போடறோம். ஃபார்ம் இருக்குன்னா அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு அர்த்தம்னு நம்பறோம்.

இன்டராக்டிவ்ங்கிற வார்த்தைக்கு அந்த ஃபைல்ல 'பயனரை ஈர்க்கும்'னு போட்டிருந்தது. நான் வேற மாதிரி சொல்வேன். ஒருத்தர் கேட்கறார், இன்னொருத்தர் பதில் சொல்றார். ரெண்டாவது ஆள் இல்லேன்னா அது இன்டராக்டிவ் இல்ல.

பெட்டியை எப்பத் திறப்பாங்க

அன்னைக்கு சித்தப்பாவுக்கு இதை விளக்க நான் சர்வர், டேட்டாபேஸ்னு ஆரம்பிச்சேன். அவர் மூஞ்சி மாறல. அப்புறம்தான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஞாபகம் வந்தது. தாத்தாவோட சின்ன வயசுல போயிருக்கேன்.

சிட்டி மக்களுக்கு ஒரு நிமிஷத்துல சொல்றேன். விவசாயி மூட்டையைக் கொண்டு வந்து குவிப்பார். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு நம்பர். வியாபாரிங்க சுத்தி வந்து கையில அள்ளிப் பாப்பாங்க. எந்தக் குவியலுக்கு என்ன விலைன்னு சீட்டுல எழுதிப் பெட்டியில போடுவாங்க. மத்தவன் என்ன போட்டான்னு தெரியாது, அதனால இதுக்கு மறைமுக ஏலம்னு பேரு. குறிச்ச நேரம் ஆனதும் அலுவலர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குவியலுக்கும் யார் அதிக விலைன்னு அறிவிப்பார். கட்டுப்படியாகலைன்னா விவசாயி விக்க மாட்டேன்னும் சொல்லலாம்.

வெப் ஃபார்ம் அப்படியே இதுதான். நீங்க போனுல டைப் பண்றது சீட்டு. 'அனுப்பு' பட்டனைத் தட்டினதும் உங்க பிரவுசர் அந்தச் சீட்டை சர்வர்ங்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்க இருக்கிற ஒரு சின்ன புரோகிராம் அதை வாங்கி, சரியா இருக்கான்னு பாத்து, ஒரு நம்பர் போட்டு டேட்டாபேஸ்ல வைக்கும். டேட்டாபேஸ்தான் பெட்டி. 'நன்றி, கிடைத்தது'ன்னு ஸ்கிரீன்ல வருதே, சீட்டு பெட்டிக்குள்ள விழுந்துடுச்சுங்கிறதுக்கு மேல அதுக்கு அர்த்தமே கிடையாது. யாரும் படிச்சாங்கன்னு அர்த்தமில்ல.

விற்பனைக்கூடத்துல மூணு விஷயம் முடிவாயிருக்கும். பெட்டியைத் திறக்கிறது யார், எப்பத் திறப்பாங்க, திறந்ததும் என்ன நடக்கும். நாப்பது பேரை உட்கார வச்சு ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தவங்க இந்த மூணுல ஒண்ணைக்கூடக் கேட்கல.

சித்தப்பா உடனே புடிச்சுக்கிட்டார். "அப்ப 38,000க்கு எனக்குப் பெட்டி வித்திருக்கானுங்க. பெட்டி திறக்கற ஆளு நான்தான்னு சொல்லவே இல்ல."

சுத்தற வட்டம் எங்கேர்ந்து வந்தது

கொஞ்சம் பின்னாடி போவோம், நம்ம ஷோவுக்கு வர்ற நெர்டுகளுக்காக. ஆரம்பத்துல வெப் பக்கம்னா செவுத்துல ஒட்டின நோட்டீஸ்தான், படிக்கலாம், அவ்வளவுதான். 1993 வாக்குல ஃபார்மும், அதை வாங்கிப் பதில் தயாரிக்கிற சிஜிஐங்கிற முறையும் வந்தது. 1995ல நெட்ஸ்கேப்ல பிரெண்டன் ஐக் பத்து நாள்ல ஜாவாஸ்கிரிப்ட்டோட முதல் வடிவத்தை எழுதினார். அதனால பிரவுசருக்குள்ளயே சின்னச் சின்ன வேலை பாக்க முடிஞ்சது. ஆனா சர்வர்கிட்ட எதையாவது கேட்கணும்னா முழுப் பக்கமும் போய் மறுபடி வரணும். 2002 ஆகஸ்ட்ல ஐஆர்சிடிசி ஆன்லைன் டிக்கெட் ஆரம்பிச்சதே, அந்தக் காலத்து ஆளுங்களைக் கேளுங்க. ஒவ்வொரு க்ளிக்குக்கும் வெள்ளை ஸ்கிரீன், அப்புறம் சாமியை வேண்டிக்கணும். டிக்கெட் கூரியர்ல வீட்டுக்கு வரும்.

மாத்தினது ஒரு ஆபீஸ் மெயில் வேலை. அவுட்லுக் மெயிலை பிரவுசர்ல காட்டறதுக்காக மைக்ரோசாஃப்ட் ஆளுங்க, பக்கத்தை அசைக்காம பின்னாடி சர்வர்கிட்ட பேசற ஒரு வழியைச் செஞ்சாங்க. அது 1999ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5ல வந்தது. அஞ்சு வருஷம் அதைப் பெருசா யாரும் கண்டுக்கல. 2004 ஏப்ரல்ல ஜிமெயில், 2005 பிப்ரவரியில கூகுள் மேப்ஸ். மேப்பை மவுஸால இழுத்தா புதுசா ஊர் வருது, பக்கம் மறையல. அதே பிப்ரவரி 18ம் தேதி ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இதுக்கு ஏஜாக்ஸ்னு பேரு வச்சார். அந்த வருஷமே நம்ம சென்னையில, அப்ப அட்வென்ட்நெட்னு பேரு இருந்த கம்பெனி, பிரவுசர்லயே டைப் பண்ற 'சோஹோ ரைட்டர்'ஐ விட்டாங்க. கம்பெனியே பின்னாடி சோஹோ ஆயிடுச்சு.

வரலாறு இவ்வளவு போதும். ஒரு கடைக்காரருக்கு இதுல தெரிய வேண்டியது ஒரே விஷயம். முன்னாடி வாடிக்கையாளருக்குத் தாமதம் கண்ணுல தெரிஞ்சுது, வெள்ளை ஸ்கிரீனா. இப்ப ஸ்கிரீன் உடனே 'கிடைத்தது'ன்னு சிரிக்குது, தாமதம் மனுஷன்கிட்டப் போய் ஒளிஞ்சுக்கிச்சு.

நான் பண்ண தப்பு

சரி, அடுத்த பகுதி எனக்கு அவ்வளவு பெருமையா இல்ல.

71 மெயிலைப் பாத்த சூட்டுல நான் ஹீரோ ஆகலாம்னு நினைச்சேன். அன்னைக்கு நைட்டே சித்தி சுட்டுக் குடுத்த தோசையைச் சாப்பிட்டுட்டு லேப்டாப்பைத் திறந்து, தானா பதில் போற மாதிரி ஒண்ணு எழுதினேன். யாராவது ஃபார்ம் போட்டா உடனே எஸ்எம்எஸ்: 'உங்கள் கேள்வி கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் எங்கள் பிரதிநிதி தொடர்பு கொள்வார்.' டெஸ்ட் பண்ணி, சித்தப்பா போன்ல வர்றதைக் காட்டி, கைதட்டல் வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை மதியம் சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

அடுத்த ஞாயிறு கடலூர்ல ஒரு கல்யாணம். கடை லீவு. எங்க பிரதிநிதின்னு நான் எழுதின ஆள் பந்தியில உட்கார்ந்திருந்தார், போன் சித்தி பையில. அன்னைக்குக் காலையில மயிலம் பக்கத்துல இருந்து ஒருத்தர் ஃபார்ம் போட்டிருக்கார். அவருக்கு எஸ்எம்எஸ் போயிருக்கு. ஒரு மணி நேரத்துல கூப்பிடுவாங்கன்னு நம்பி வேற கடைக்குப் போகாம சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்கார்.

திங்கக்கிழமை காலையில கடை திறக்கும்போதே வந்து நின்னார். கத்தல. "நீங்க ஒண்ணுமே சொல்லாம விட்டிருந்தா நான் அப்பவே விழுப்புரம் போயிருப்பேன் மொதலாளி"ன்னு மட்டும் சொன்னாராம்.

சித்தப்பா எனக்கு போன் பண்ணி இதை அப்படியே சொன்னார். திட்டல, அதுதான் கஷ்டமா இருந்தது. பதில் வராத ஃபார்ம் ஒருத்தரை இழக்கும். நான் எழுதின எஸ்எம்எஸ் அவரோட ஒரு நாளையும் தின்னுடுச்சு. கோடு சரியா வேலை செஞ்சது. சித்தப்பா பேர்ல ஒரு வாக்குறுதியை, அவரைக் கேட்காமலே, நான் குடுத்திருந்தேன்.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்க கொஞ்சம் யோசிங்க. 'எங்கள் குழு விரைவில்'னு ஒரு வரியை எத்தனை தடவை டைப் பண்ணியிருப்போம்? அந்தக் குழு யாருன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கோமா?

டீக்கடைப் பெட்டி

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போனேன். இந்தத் தடவை லேப்டாப்பைத் திறக்கல. கடைக்கு எதிர்ல டீக்கடையில நானும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தோம். யாரோ க்யூஆர் ஸ்கேன் பண்ண, மாஸ்டர் பக்கத்துல இருந்த பெட்டி இருபது ரூபாய் வந்துடுச்சுன்னு கத்துச்சு. மாஸ்டர் திரும்பிக்கூடப் பாக்கல, ஆத்தறதை நிறுத்தல.

"சித்தப்பா, அவர் பணம் வந்துச்சான்னு போய்ப் பாத்தாரா?"

"எதுக்குப் பாக்கணும், அதான் கத்துதே."

அதுதான் நான் சொல்ல வந்தது. சேதி ரெண்டு வழியில வரும். நீங்க போய்ப் போய் 'வந்துச்சா, வந்துச்சா'ன்னு கேட்கலாம். இல்ல, வந்ததும் அதுவே உங்களைக் கூப்பிடலாம். சித்தப்பாவோட மெயில்பாக்ஸ் முதல் வகை. யாராவது போய்த் திறக்கணும், யாரும் போகல. டீக்கடைப் பெட்டி ரெண்டாவது வகை. அதுக்குள்ள ஒரு சிம் இருக்கு, சர்வரோட எப்பவும் ஒரு இணைப்பைத் திறந்து வச்சிருக்கும். பணம் போட்டவரோட ஆப்ல இருந்து பேங்க், யுபிஐ நடத்துற என்பிசிஐ, பேமென்ட் கம்பெனி சர்வர்னு சேதி ஓடி, கடைசியில பெட்டிக்கு 'இதைச் சொல்லு'ன்னு தள்ளிவிடும். பிரவுசருக்கு இதே வசதிதான் வெப்சாக்கெட், 2011 டிசம்பர்ல அதை ஸ்டாண்டர்டா ஆக்கினாங்க. ஒரு சர்வர் இன்னொரு சர்வரை இப்படித் தட்டி எழுப்பினா அதுக்கு வெப்ஹூக்னு பேரு. ஸ்லைடுல இந்த ரெண்டு வார்த்தையும் இருந்தது. எதிர்ல இருந்த டீக்கடை மட்டும் இல்ல.

அப்புறம் கடைக்குள்ள போய், இது யார்கிட்ட போய்க் கத்தணும்னு பேச உட்கார்ந்தோம். சித்தப்பாகிட்டயா? அவர் பாதி நாள் வெளிய, போர் போடற இடத்துல நிப்பார். கடைப் பையனுக்கு விலை சொல்ல அதிகாரம் இல்ல. பில்லிங் அக்கா இருக்காங்க, பதினொரு வருஷமா. எந்த ஆழத்துக்கு எத்தனை ஹெச்பின்னு சித்தப்பாவைவிட வேகமா சொல்வாங்க. இவ்வளவு நாள் அவங்ககிட்ட யாரும் வெப்சைட்டைப் பத்திப் பேசினதே இல்ல. வொர்க்‌ஷாப்புக்கு முதலாளியைத்தானே கூப்பிட்டாங்க, எக்ஸிக்யூட்டிவ் ட்ரெயினிங் இல்லையா!

அக்கா முதல்ல கேட்ட கேள்வியே, "தம்பி, இதுக்கு நான் பதில் சொன்னா விலையில குறைச்சுச் சொல்ல எனக்கு உரிமை இருக்கா?" எந்த ஸ்லைடுலயும் இல்லாத கேள்வி. அஞ்சு சதவீதம் வரைக்கும் அவங்களே முடிவு பண்ணலாம்னு சித்தப்பா அங்கேயே சொன்னார். சம்பளத்துலயும் கொஞ்சம் சேர்த்துக் குடுக்கணும்னு நான் இழுத்தேன். அதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு, ஆனா நடந்தது.

இப்ப என்ன ஓடுதுன்னா, ஃபார்ம் போட்டதும் கடையில இருக்கிற ஒரு போனுக்குச் சேதி வரும். அந்த போன் அக்காகிட்ட. காலையில பத்தரைக்கும் சாயங்காலம் நாலுக்கும் அவங்க வரிசையா எல்லாருக்கும் பேசுவாங்க. எஸ்எம்எஸ்ல 'ஒரு மணி நேரம்' போயாச்சு. 'பத்தரைக்கும் நாலுக்கும் பதில் சொல்வோம், ஞாயிறு கிடையாது, அவசரம்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு இருக்கு. நான் எழுதின கோடு முப்பது வரிகூட வராது. ஃபார்ம்ல பத்து கேள்வி இருந்ததை நாலாக் குறைச்சோம்: ஊர், போர் ஆழம், இப்ப இருக்கிற மோட்டார், போன் நம்பர். பிறந்த தேதி எதுக்குக் கேட்டாங்கன்னு இன்னும் எனக்குப் புரியல. தேவையில்லாததை வாங்கி வைக்காதீங்க மக்களே. 2023ல நிறைவேறின தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதுக்காக வாங்கறோமோ அதுக்குத் தேவையானதை மட்டும் வாங்கணுங்கிற பக்கம்தான் நிக்குது.

நிறைய பேர் வாட்ஸ்அப் போதாதான்னு கேட்பீங்க. சின்னக் கடைக்குப் பல நேரம் போதும். 2018 ஜனவரியில வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம்தான். பெரிய கம்பெனிகள் சாட்பாட் இணைக்கிற பிளாட்ஃபார்ம் வேற, அதுல எனக்குப் பிடிச்ச ஒரு விதி இருக்கு. வாடிக்கையாளர் கடைசியா மெசேஜ் போட்டதுல இருந்து 24 மணி நேரத்துக்குள்ளதான் நீங்க இஷ்டப்படி பதில் எழுதலாம். அதுக்கப்புறம் முன்கூட்டியே அனுமதி வாங்கின டெம்ப்ளேட்தான். பெட்டியைத் திறக்கற நேரத்தை அங்க கம்பெனியே வச்சுடுச்சு.

மாடியில ஆறு பேர்

விஷயம் பரவி, அதே வொர்க்‌ஷாப்புக்குப் போன அஞ்சு பேர் ஒரு ஞாயித்துக்கிழமை கடை மாடிக்கு வந்தாங்க. சித்தப்பாவோட ஆறு. பைப் கட்டுக்கு நடுவுல பிளாஸ்டிக் சேர். நான் ஒரு ஸ்லைடும் போடல. ஒவ்வொருத்தர் சைட்லயும் அங்கேயே ஒரு கேள்வி அனுப்பினோம், அது எங்க போய் விழுதுன்னு தேடினோம். விதைக்கடைக்காரருக்கு வந்தது அவரோட மகன் மெயிலுக்கு, மகன் இருக்கிறது துபாய்ல. தாளாளரோட ஸ்கூல் அட்மிஷன் ஃபார்ம் எங்கேயுமே போகல, 'நன்றி'ன்னு மட்டும் சொல்லிட்டு சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டிருந்தது. அவர் முகத்தைப் பாக்க முடியல, அது அட்மிஷன் சீசன்.

டிராவல்ஸ்காரர் கதைதான் மோசம். அவர் டொமைன், அதாவது அந்த டாட் இன் பேரு, சைட் செஞ்சு குடுத்தவங்க பேர்லயே பதிவாகியிருந்தது. புதுப்பிக்க மூணு மடங்கு கேட்கறாங்க, இல்லேன்னா பேரு போயிடும். பஸ் பின்னாடியெல்லாம் அந்தப் பேரைப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கார். கடை வாடகைக்கு எடுத்தா அக்ரிமென்ட் யார் பேர்லன்னு பாக்கற ஆளு, இதைப் பாக்கல. பாக்கணும்னு யாரும் சொல்லல. டொமைன் உங்க பேர்ல, உங்க மெயில் ஐடியில, உங்க கார்டுல இருக்கணும். வேலை செய்யறவங்களுக்கு நுழையற அனுமதி மட்டும் குடுங்க.

அந்த மூணு மணி நேரத்துக்கு நான் காசு வாங்கல. ஆனா ஒண்ணு சொல்லணும். காசு வாங்கறவங்க எல்லாரும் ஏமாத்தறாங்கன்னு இல்ல. ஏஜாக்ஸ்னா என்னன்னு சொல்லிக் குடுக்கறது சுலபம், எல்லா ஊருக்கும் ஒரே ஸ்லைடு. உங்க கடையில யார் பதில் சொல்வாங்கன்னு கேட்க, ஒவ்வொரு கடையா உட்கார்ந்து பேசணும். நாப்பது பேரை வச்சு ஒரு ஹால்ல அது நடக்காது.

இப்ப அந்த மெயிலுக்கு வர்றேன். அப்பாவை அனுப்பலாமா? அனுப்பறதுக்கு முன்னாடி நடத்தறவங்களுக்கு போன் பண்ணுங்க. அங்க வச்சு எங்க கடையோட சொந்தக் கேள்வி ஒண்ணை ஆரம்பத்துல இருந்து பதில் வரைக்கும் செஞ்சு காட்டுவீங்களான்னு கேளுங்க. கடையில வேலை பாக்கறவங்களையும் கூட்டிட்டு வரலாமான்னு கேளுங்க. கடைசி நாள் ஏதாவது விக்கப் போறீங்களான்னும் கேட்டுடுங்க, பதில் சொல்ற தொனியிலேயே தெரிஞ்சிடும். அரசாங்கப் பக்கமும் பாருங்க. சென்னை ஈக்காட்டுத்தாங்கல்ல தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கு. டிஜிட்டல் மார்க்கெட்டிங், வெப்சைட்னு சின்னச் சின்ன பயிற்சி நடத்தறாங்க. உங்க ஊர் மாவட்டத் தொழில் மையத்துலயும் விசாரிக்கலாம்.

விழுப்புரம் பக்கத்து ஆளுங்களுக்கு இன்னொண்ணு. 2024 பிப்ரவரியில வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்துல 31 கோடி ரூபாய்ல மினி டைடல் பார்க் திறந்தாங்க. அந்த மாதிரி இடத்துக்கு வேலைக்குப் போற நம்ம பசங்க யாராவது இதைக் கேட்டா, சனிக்கிழமை ஒரு கடைக்குப் போய் ஒரு ஃபார்ம் போட்டுப் பாருங்க. அது எங்க விழுதுன்னு தேடிக் குடுங்க. ஒரு மணி நேர வேலை.

சித்தப்பா கடையில போன மாசம் 34 விசாரணை. அக்கா ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்காங்க, யார், எந்த ஊர், என்ன சொன்னோம், வாங்கினாங்களா. எக்செல்ல போட்டுத் தரட்டுமான்னு கேட்டேன். "நோட்டே இருக்கட்டும் தம்பி, கரண்ட் போனாலும் தெரியும்"னுட்டாங்க.

மார்ச்ல மெயில் போட்ட அந்தப் பையனை சித்தப்பா நேர்ல போய்ப் பாத்தார், செஞ்சி ரோட்டுல. அவங்க வேற கடையில மோட்டார் வாங்கிட்டாங்க, ஆனா அதுக்குள்ள பாதி மல்லாட்டை போயிடுச்சாம். பையனோட அப்பா மோர் குடுத்து உட்கார வச்சிருக்கார். அடுத்த தடவை ஃபார்ம் போடாதேடா, நேரா போன் பண்ணுன்னு மகன்கிட்டச் சொன்னாராம். சித்தப்பா, இல்ல, ஃபார்மே போடு, பத்தரைக்குக் கூப்பிடுவாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கார்.